கடைசி ஆள்

கயிறு இழுக்கும் போட்டியில் கடைசி ஆளுக்குத்தான் மரியாதை. முன்னால் ஏழு பேர் இழுத்தாலும், கயிற்றின் வாலை உடம்பில் போட்டுக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றி நிற்பவன் அவன்தான். ஜெயித்தால் தோளில் தூக்குவார்கள். தோற்றால் என்ன செய்வார்கள் என்பதை அழகேசனைக் கேட்டால் தெரியும்.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன் அழகேசன். எண்பத்து மூன்றாம் வருடத் திருவிழாவில் அவன் கால் வழுக்க, கோப்பை கம்போங் குவாந்தான் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கே கூட்டாளி நல்லசாமி அவனுக்கு 'வழுக்கல்' என்று பேர் வைத்தான். அதன்பிறகு காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போதெல்லாம் யாராவது அந்தப் பேரைச் சொல்வார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். அவன் கள்ளுக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். என்ன மனுசர்களோ! இழுத்தது எட்டுப் பேர், தோற்றது மட்டும் இவன் ஒருத்தனாம்.

மறுவருடம் கெஞ்சித்தான் கடைசி இடத்தை வாங்கினான். கயிற்றைத் தோள்வழியாகப் போட்டு அக்குளில் இடுக்கிக்கொள்வதுதான் வழக்கம், உடம்பில் கட்டவே கூடாது. அவனோ துண்டால் மறைத்து இடுப்பில் சுருக்குப் போட்டுவிட்டான். இழுக்க இழுக்க இறுகட்டும், செத்தாலும் இனி கயிறு தன்னைவிட்டுப் போகாது என்று நினைத்தான்.

விசில் ஊதினார்கள். கயிறு ஒரு சாண் அங்கே போகும், ஒரு சாண் இங்கே வரும். சுருக்கு வயிற்றுக்குள் இறங்கியது. விட்ட மூச்சை அவனால் திரும்ப இழுக்க முடியவில்லை. முன்னால் நின்றவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்? கூட்டம் "இழு! இழு!" என்று அலறியது. அவனுக்குக் கத்தக்கூடக் காற்றில்லை.

அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி இராஜம்மா தற்செயலாக நிமிர்ந்தாள். புருசனின் முகம் கறுத்து, கண் பிதுங்கி நின்றது. கையில் இருந்த பாராங்கத்தியோடு ஓடிவந்தாள்.

அவள் வருவது எதற்கென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினான். எதிரணி தளர்கிறது, இன்னும் கொஞ்சம்தான். இப்போது கயிற்றை வெட்டினால் இந்த வருடமும் தோல்விதான்.

"போய்யா, நீயும் ஒன் கப்பும்!"

ஒரே வெட்டு. முன்னால் இருந்த ஏழு பேரும் கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தார்கள். அழகேசன் மல்லாந்து கிடந்தான். அவள் சுருக்கைத் தளர்த்தியதும் மூச்சு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"ஏன்டி வெட்டுன?"

"கப்பு இல்லாம ஒரு வருசம் ஒன்கூட இருந்தேன்ல? நீ இல்லாம நான் எப்படிய்யா இருப்பேன்?"

மறுநாள் பெரட்டுக்களத்துக்குப் போகவே அவனுக்குக் கால் கூசியது. போனான். நல்லசாமி தயாராகக் காத்திருந்தான்.

"வாய்யா, பொண்டாட்டி காப்பாத்துன பயில்வான்!"

களமே சிரித்தது. வழக்கம்போல் அழகேசனின் தலை தாழ்ந்தது. சட்டைக்குள் கயிற்றுத் தழும்பு எரிந்தது. பிறகு என்ன தோன்றியதோ, நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா லா, காப்பாத்துனா. ஒனக்கு ஒண்ணுன்னா கத்திய தூக்கிட்டு ஓடியார ஆளு இருக்கா?"

நல்லசாமி பெண்கள் வரிசையில் நின்ற தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தன் பால்வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.