ஏகாதசிக்காக நிறுத்தி வைத்த உயிர்

மயிலாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு கோழிக்குஞ்சைச் சைவமாக்கப் பார்த்தார். தொண்ணூறுகளில் நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பங்குனித் திருவிழாக் கூட்டத்தில் சாயத்தில் முக்கியெடுத்த குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்பார்களே, அதில் ரோஸ் கலரில் ஒன்றை வாங்கி வந்தார். "கத்திக்குப் போக இருந்த ஜீவன், ரட்சிச்சுட்டேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டார். அவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். பின்பக்கம் ஓர் அறையும் சமையலறையும் எனக்கும் என் கணவருக்கும். கிணற்றடியும் கொல்லையும் பொது. கறி, மீன் வாசனையே வரக்கூடாது என்று சொல்லித்தான் வீடு கொடுத்தார். நாங்களும் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்து, ஞாயிற்றுக்கிழமையானால் சைதாப்பேட்டையில் என் அம்மா வீட்டுக்கு ஓடுவோம்.

குஞ்சுக்கும் அதே சட்டம். அது ஒரு புழுவைக் கொத்திவிட்டால் போதும், மாமா அலகுக்குள் விரலை விட்டுப் பிடுங்கி எறிவார். "சீ, துப்பு! இந்த ஆத்துல அதெல்லாம் கூடாது." தயிர் சாதம்தான் ஆகாரம். போதாக்குறைக்குத் தினமும் காலையில் கிணற்றடியில் குளிப்பாட்டு வேறு. ஆசாரமாம்!

"மாமா, சின்னக் குஞ்சு, குளிர் தாங்காது. அதும்பாட்டுக்கு மேய வுடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"உங்காத்து வழக்கம் வேற, எங்காத்து வழக்கம் வேறம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே ஓர் அறை விடலாம்.

கொஞ்ச நாளில் குஞ்சு சுருண்டு விழுந்தது. கால்கள் பின்னால் இழுத்துக்கொண்டன. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. உயிர் இருக்கும்போதே கண்ணோரத்தில் எறும்பு ஏறிவிட்டது. மாமா என்ன செய்தார் தெரியுமா? அதன் தலையைத் தெற்கே திருப்பி வைத்து, பஞ்சில் துளசித் தீர்த்தம் நனைத்து அலகில் விட்டார்.

"நாளைக்கு ஏகாதசி. அதுவரைக்கும் தாங்கிடுத்துன்னா நேரா வைகுண்டம்தான்."

அடக் கண்றாவியே! அந்தப் பிராணிக்கு வைகுண்டமா வேண்டும்? மூச்சு நின்றால் போதாதா?

"துடிக்குது மாமா. நாளைக்கு வரிக்கும் இப்டியே போட்டு வைக்கிறதா? முடிச்சு வுட்ரலாம்."

காதைப் பொத்திக்கொண்டார். "ராம ராமா! என் கையால ஒரு ஜீவன் போகப்படாதும்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பட்டினப்பாக்கத்துலேர்ந்து ஒரு மீன்காரி தெருக்கோடி வழியா போவாளே, அவகிட்ட கொடுத்துடலாமோ? அவாளுக்குப் பழக்கம்தானே, தோஷமில்லை."

பாவம் செய்யக்கூட ஆள் வைக்கிற மனிதர்! த்தூ என்றிருந்தது எனக்கு.

"யாரும் வேணாம். நீங்க உள்ள போங்க" என்றேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோழிகளோடு வளர்ந்தவள் நான். தேறாத குஞ்சை அம்மா எப்படி விடுவிப்பாள் என்று பார்த்திருக்கிறேன். எறும்புகளை ஊதித் தள்ளினேன். உடம்பை ஒரு கையில் அணைத்து, மறு கையால் தலையைப் பிடித்து, கழுத்தை ஒரே இழுப்பில் முடித்தேன். இறக்கை சற்று அடித்து ஓய்ந்தது. கைக்குள் சூடு ஆறுவதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

மறுநாள் மாமா கொல்லைப்பக்கம் நாற்காலி போட்டு, வந்தவர்களிடம் உருகிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு விடியக்காலம், தீர்த்தம் வாங்கிண்டு தூங்கறாப்பல போயிடுத்து. ஏகாதசி மரணம்! புண்ணியாத்மா."

துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "நேத்தே பூட்ச்சு மாமா. நான்தான் கழுத்த முறிச்சேன். நீங்க கதவ சாத்திக்கினு உள்ள இருந்தீங்க."

வந்தவர்கள் மெதுவாக எழுந்து போனார்கள். மாமா முகம் சிவக்க என்னிடம் வந்தார்.

"நீ பண்ணினதை நான் கேட்டேனா? நாலு பேருக்கு முன்னாடி அதைச் சொல்லணுமா? வேற ஆம் பாத்துண்டு காலி பண்ணுங்கோ."

"பாத்துக்கிறோம். அதை எங்க பொதைச்சேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?"

சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நீங்க நிக்கிற எடந்தான்."

துள்ளிக் குதித்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.