கையைத் தூக்கிய ஷூட்டர்

நெட்பாலில் இந்தியாவுக்காக ஆடினேன் என்றால், "த்ரோபாலா?" என்பார்கள். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்த அன்று கேட் செக்யூரிட்டியும் கேட்டார். "பாஸ்கெட்பால் மாதிரிதான். பின்னாடி போர்டு இருக்காது, பந்தைத் தட்டிக்கிட்டு ஓட முடியாது" என்றேன்.

"அப்ப இன்னாதான் மேடம் கீது அதுல?" என்றார். நியாயமான கேள்விதான். வெளிநாடுகளில் அடிமேல் அடியாகத் தோற்ற நாட்களில் நானே அதைக் கேட்டுக்கொண்டதுண்டு. பிறகு முழங்கால் போனது, விசில் கழுத்துக்கு வந்தது.

என் அணி முழுக்க ஒரே அசெம்பிளி லைனில் வேலை செய்யும் ட்ரெய்னிப் பெண்கள். பாதிப் பேர் ஷிப்ட் முடிந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே வருவார்கள். ஆனால் பந்து கைக்கு வந்தால் அடுத்தவள் கைக்குப் போய்விடும். நெட்பாலில் பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மற்ற அணிகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தே தொண்டை வற்றும். இவர்களுக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

ஷூட்டர், தென்காசிப் பக்கத்துப் பெண். மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த மாதத்தோடு ட்ரெய்னிக் காலம் முடிந்து, ஊரில் தயாராக இருக்கும் மாப்பிள்ளை. மாப்பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தனியாக நின்று ஷூட் செய்துகொண்டே இருப்பாள்.

தேர்வு ஆட்டம் மறைமலை நகரில் நடந்தது. தேர்வாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கோர் சமம், நேரம் முடியப் போகிறது. வளையத்துக்குக் கீழே பந்து அவளிடம் வந்தது. பிடிக்கும்போது கால் லேசாக இழுபட்டது. விதிப்படி தப்புதான். நடுவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி நின்றேன்.

அவள் பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு வலது கையைத் தூக்கினாள்.

லைனில் தப்பு விழுந்தால் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் வரும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. என் பெண்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். மூன்று விநாடி ஓடியது. நடுவர் விசில் ஊதி, பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். என் பெண்கள் சுதாரிப்பதற்குள் அந்தப் பக்கம் கோல் விழுந்தது.

"யாருடி உன்னைக் கையைத் தூக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

"தப்பு விழுந்துச்சுல்லாக்கா" என்றாள். அவளை அறையலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

மாநில அணியில் அவள் பெயர் வரவில்லை. மனிதவள அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைக் கேட்டு அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தப்பை மறைக்காதன்னு நாங்கதான மேடம் ட்ரெய்னிங் குடுக்குறோம்? சூப்பர் பொண்ணு! எங்களுக்கு ரொம்பப் பெருமை."

"அப்ப வேலையில வெச்சுக்கலாமே?"

"அது செலக்ட் ஆனாத்தான் மேடம். ரூல் அப்படி."

கெஞ்சினேன். மைதானத்தில்கூட நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. அவர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

வெளியே அவள் ஐடி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னக்கா சொன்னாவ?"

"உன்னை நெனச்சு ரொம்பப் பெருமைப்படுறாங்களாம்" என்றேன்.