மூன்றாம் கியரைப் பிடித்திருந்த காலாண்டு விடுமுறை

இன்றும் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு கிடைத்தால், கைப்பையை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டுதான் உட்காருவேன். இல்லாவிட்டால் வலது கை தானாகப் போய் அவருடைய கியர் கம்பியைப் பிடித்துவிடும். ஒருமுறை தாம்பரம் பஸ்ஸில் பிடித்தே விட்டேன். டிரைவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, நீயே ஓட்றியா? நான் கீழ எறங்கிக்கவா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவருக்கு எப்படி விளக்குவது? விளக்கத் தொடங்கினால் பூந்தமல்லி வந்துவிடும்.

என் கணவரிடம் ஒரு பழைய டீசல் லாரி இருந்தது. மணிமங்கலத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டறையிலிருந்து இரும்புப் பாகங்களை ஏற்றி, சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இறக்குவது அதன் வேலை. ஷிப்ட் தொடங்குமுன் சரக்கு போய்ச் சேரவேண்டும். "லேட்டானா லைன் நின்னுடும்" என்பார். ஏதோ இதயமே நின்றுவிடும் என்கிற குரலில் சொல்வார். இருபது வருஷமாக லாரியில் ஒரு கீறல் வாங்காத மனிதர், குன்றத்தூரில் எங்கள் வீட்டுக் குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். புதிதாக ஹெவி லைசென்ஸ் வாங்கியிருந்த என் மகன் சாவியை எடுத்துக்கொண்டான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு அவன் இரண்டாம் வகுப்பில் இருப்பதுபோலத்தான் தோன்றியது.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். அன்றைக்குத்தான் காலாண்டு விடுமுறை விட்டிருந்தார்கள்.

"நானும் கூட வரேன்" என்றேன்.

"அம்மா, லாரியில அம்மாவ ஏத்திக்கினு போனா கேட்ல செக்யூரிட்டி சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். பல்லு நல்லா இருக்கான்னு பாக்கறேன்."

என்னைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அவன் ஒரு நல்ல காரியம் செய்தான். அந்த லாரியின் கேபினில் இரண்டு சீட்டுக்கும் நடுவே இன்ஜினை மூடிய இரும்புப் பெட்டி இருக்கும். அது அடுப்புக் கல்போல் சுடும். கியர் கம்பி வெளியே வரும் ஓட்டை வழியாகப் புழுதியும் புகையும் ஏறும். அம்மாவின் கால் சுடக்கூடாது, அம்மாவுக்குத் தும்மல் வரக்கூடாது என்று, குஷன் கடையில் சொல்லி அந்தப் பெட்டிக்குத் தடிமனான ஸ்பாஞ்சு வைத்த ரெக்சின் மெத்தை தைத்துப் போட்டான். கியர் கம்பிக்கு மட்டும் இறுக்கமாக ஓர் ஓட்டை. சிவப்பு ரெக்சின், மஞ்சள் விளிம்பு. எனக்குக் கல்யாண வண்டியில் போவதுபோல இருந்தது.

அந்த மகிழ்ச்சி முதல் லோடு ஏறும்வரை நீடித்தது.

பட்டறையிலிருந்து ஒரகடம் சாலையைப் பிடிக்க ஓர் ஏரிக்கரை மேல் ஏறி இறங்கவேண்டும். இறக்கத்தின் அடியில் ஒரு வளைவு, வளைவில் பஸ் ஸ்டாப். பாரத்தோடு இறங்கும்போது மூன்றாம் கியரில்தான் இறங்கவேண்டும், அப்போதுதான் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுத்து வைக்கும் என்று அவன் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அவனும் அப்படித்தான் இறங்கினான். பாதி இறக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். கியர் கம்பி தானாகத் துள்ளி நடுவுக்கு வந்து நின்றது. இன்ஜின் சத்தம் திடீரென்று அடங்கியது. அந்த அமைதியில் லாரி ஓடத் தொடங்கியது.

நான் என் பக்கத்துத் தரையை இரண்டு காலாலும் மிதித்தேன். அங்கே பிரேக் கிடையாது. "முருகா" என்றேனா "பிரேக்கு" என்றேனா தெரியவில்லை. மகன் பிரேக்கின் மேல் ஏறி நின்றான். பின்னால் இரும்புப் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முன்னால் வந்தன. பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்காக யூனிபார்மில் நின்றிருந்த திருநெல்வேலிப் பையன்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். அவர்கள் நின்றிருந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது.

வாய்க்காலில் குதித்த ஒரு பையன் டிபன் பாக்ஸைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கேட்டான்: "என்ன அண்ணாச்சி, நியூட்ரல்ல உருட்டி டீசல் மிச்சம் புடிக்கியளோ?"

பக்கத்தில் நின்றவன், "ஏலே, உள்ள பாருல. அம்மாவையும்லா கூட்டிட்டு வந்திருக்காவ!" என்றான்.

மகன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்து நனைந்திருந்தது. அடுத்த நடையிலிருந்து கியர் பிடிப்பது என் வேலையாயிற்று. ஏரிக்கரை உச்சியில் அவன் மூன்றாம் கியரைப் போடுவான். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு பாரத்தையும் கொடுத்து முன்னால் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். பிடித்தால் வழுக்கவில்லை. ஆனால் கீழே போய்ச் சேர்ந்தும் எனக்கு விடத் தோன்றாது.

"அம்மா, கைய எடு. நாலு போடணும்."

"மூணே போதும்."

"மூணுலயே சத்திரம் வரைக்கும் போனா நாளைக்குத்தான் போவோம்!"

"நாளைக்கே போவோம். உயிரோட போவோம்."

எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். விடுமுறை முடிந்தால் நான் பள்ளிக்குப் போகவேண்டும். அந்த இறக்கத்தில் அவன் தனியாக இறங்குவான். அதற்குள் கியர் சரியாகவேண்டும்.

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் மெக்கானிக்கின் ஷெட். பெரிய உருவம், அதைவிடப் பெரிய நம்பிக்கை. வண்டியைப் பார்க்குமுன்பே, "ஸ்பிரிங்கு போயிருக்கும் டீச்சரம்மா" என்றார். கியரை அதன் இடத்தில் பூட்டிவைக்கும் சின்ன ஸ்பிரிங்கும் குண்டும் உள்ளே உண்டாம். கேபினில் ஏறியவர், "அய்ய, இம்மா அழகா தெச்சு வெச்சுக்கிறீங்க, கிரீஸ் ஆயிடப் போவுது" என்று என் மெத்தையைக் கழற்றி, செய்தித்தாள் விரித்து, பக்குவமாக ஒதுக்கி வைத்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். ஓட்டிப் பார்த்தார். வழுக்கவில்லை. மெத்தையை மாட்டிக் கொடுத்தார். மறுநாள் ஏரிக்கரையில் 'டக்'.

வீட்டில் கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டியிருந்த கணவர், செல்போனைக் கியர் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னார். லேண்ட்லைனில் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பதுபோல் கேட்டார். "ஆயில்" என்று தீர்ப்புச் சொன்னார். கியர் ஆயிலை வடித்தோம். காந்தம் வைத்து இரும்புத் தூள் தேடினோம். அவ்வளவாக இல்லை. புது ஆயில் விட்டு, மெத்தையைத் திரும்பப் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். 'டக்'.

பிறகு கியர் பாக்ஸையே இறக்கினார்கள். உள்ளே பற்சக்கரத்தைத் தள்ளும் கவை தேய்ந்திருக்கிறது என்று அதை மாற்றினார் மெக்கானிக். இன்னொரு தடவை இறக்கி, பாக்ஸைத் தாங்கும் ரப்பரை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் மெத்தை செய்தித்தாளில் பத்திரமாகக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் ட்ரையலில் வண்டி தங்கம்.

"என் கையில வழுக்கலியே!" என்று அவர் மகனைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, கோச்சிக்காதீங்க. நீங்க வண்டியில ஏறுனாத்தான் வழுக்குது."

எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலைக்கும் விடுமுறை. லாரியை மேலிருந்து கீழ்வரை கழுவினோம். மெத்தையையும் சோப்புப் போட்டுத் தேய்த்து மதில்மேல் காயப்போட்டேன். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சை எல்லாம் முடிந்து, கணவரையும் தூக்கி ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் முருகன் கோயில் மலையடிவாரத்தை ஒரு சுற்று வந்தோம். இறக்கத்தில் மூன்றாம் கியர் அசையவில்லை. பூஜைப் பொரி கடலை வாங்கிப்போக வீட்டுக்கு வந்திருந்த மெக்கானிக், "கவை" என்றார். கணவர், "ஆயில்" என்றார். நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். மூன்று பேருக்கும் நிம்மதி.

சாயங்காலம் மெத்தை காய்ந்துவிட்டது. விரித்துப் போட்டுக்கொண்டு நானும் மகனும் டீசல் போடப் போனோம். அதே மலையடிவாரம், அதே இறக்கம். 'டக்'.

மகன் ஓரம் கட்டினான். இன்ஜினை நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து மூன்றாம் கியரைப் போட்டுப் பார்த்தான். எடுத்தான். மறுபடியும் போட்டான். கண் மெதுவாக மெத்தைக்குப் போயிற்று.

"அம்மா, கால எடு."

மெத்தையை உருவி எறிந்தான். மறுபடி கம்பியை முன்னால் தள்ளினான். அது இன்னும் ஒரு விரல் அகலம் அதிகமாகப் போய் 'ணங்' என்று உட்கார்ந்தது. மெத்தை கிடந்தபோதெல்லாம் நான் கேட்காத சத்தம். மெத்தை ஓட்டையின் முன் விளிம்பில் தையல் மடிப்பு தடித்திருந்தது. மூன்றாம் கியருக்குப் போகிற வழியில் கம்பி அதில் மோதி நின்றுவிடும். உள்ளே பற்கள் அரைகுறையாகத்தான் கவ்வியிருக்கும். நான் உயிரைக் கொடுத்து அழுத்தியபோதெல்லாம் ஸ்பாஞ்சு நசுங்கி வழிவிட்டிருக்கிறது.

கணவரிடம் சொன்னபோது அவர் மகனைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். "ஸ்பிரிங்கு மாத்தி, கவை மாத்தி, பாக்ஸ ரெண்டு தடவ எறக்கி... எல்லாம் உங்கம்மா காலு சுடக்கூடாதுன்னா?"

"அம்மா வராம இருந்தா வண்டி நல்லாத்தாம்ப்பா இருந்திருக்கும்" என்றான் மகன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

எனக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது. பாரமில்லாத லாரியும் குன்றத்தூர்த் தெருவும் ஒரு கணக்கா? மறுநாள் விஜயதசமி. தொழிற்சாலை ஓடியது, லோடு இருந்தது. விடுமுறையின் கடைசி நாள். வெறும் இரும்புப் பெட்டிமேல் கால் வைக்கமுடியாமல் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஏரிக்கரை உச்சியில் அவன் மூன்றாம் கியரைப் போட்டான். என் இரண்டு கையும் போய்ப் பிடித்துக்கொண்டன.

"எடும்மா."

"கீழ போய் எடுக்கறேன்."

"கீழ போய் எடுத்தா எப்படித் தெரியும்? நாளைக்கு நீ இருக்க மாட்ட."

முதலில் இடது கையை எடுத்தேன். பிறகு வலது கையின் சுண்டுவிரல். மோதிர விரல். அவன் சாலையைப் பார்த்தபடியே, "மீதிய அடுத்த லீவுல எடுப்பியா?" என்றான். எடுத்துவிட்டேன். கம்பி அதிர்ந்தது, ஆனால் நகரவில்லை. இன்ஜின் முக்கிக்கொண்டே வண்டியைப் பிடித்து இறக்கியது. பஸ் ஸ்டாப்பில் திருநெல்வேலிப் பையன்கள் லாரியை அடையாளம் கண்டு முன்கூட்டியே வாய்க்கால் ஓரம் ஒதுங்கி நின்றார்கள்.

அடுத்த நாள் பள்ளி திறந்தது. முதல் இரண்டு பாடவேளைகளில் பானிப்பட்டுப் போரைத்தான் நடத்தினேன் என்று நினைக்கிறேன். இடைவேளை மணி அடித்ததும் எதிர்க் கடைக்கு ஓடி, ஒரு ரூபாய்க் காயின் போனில் அவன் செல்லுக்கு அடித்தேன்.

"எங்கடா இருக்க?"

"அம்மா! ஏரிக்கரையில எறங்கிக்கினு இருக்கேன். இப்பவா போன் பண்ணுவ? வெய்யி!"

அவன் போனை அணைக்காமல் பக்கத்து சீட்டில் வீசியிருக்கிறான். நானும் வைக்கவில்லை. மூச்சுகூட அந்தப் பக்கம் கேட்டுவிடக்கூடாது என்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். இன்ஜின் சத்தம் கேட்டது. ஏறவும் இல்லை, அடங்கவும் இல்லை. கனத்த ஒரே முனகல். அது மூன்றாம் கியர்தான், எனக்குத் தெரியும். பிறகு வளைவில் அடிக்கிற ஹாரன். அப்புறம் கிளட்ச். நாலாம் கியர் விழுந்தது.

"அம்மா? இன்னும் லைன்லயா கீற?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். போன் அடுத்த ரூபாயைக் கேட்டுக் கீச்சிட்டது. கடைக்காரர் இன்னொரு ரூபாயை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.