இடப்பக்கம் விழுந்த முடிச்சு

ஜப்பானின் கனசாவா நகரத்தில் ஜூன் முதல் தேதியும் அக்டோபர் முதல் தேதியும் வானிலையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஜூனில் குளிர்ந்தாலும் ஒற்றைத்துணி உடுப்பு. அக்டோபரில் வியர்த்துக் கொட்டினாலும் உள்துணி வைத்துத் தைத்த உடுப்பு. ஆற்றங்கரை இனிப்புக் கடையில் முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பரிமாறிவரும் தொமியே, அவ்விரு தேதிகளிலும் மற்றப் பணிப்பெண்களின் கழுத்துப்பட்டையையும் கையோரத்தையும் ஒரு பார்வை பார்ப்பாள். அப்போது கடை முதலாளியே சற்று ஒதுங்கி நிற்பார்.

ஐயுற்றுப் பார்ப்பது அவள் இயல்பு. சோயாக் குப்பியில் நேற்று எவ்வளவு இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். வந்த கடிதம் ஒருமுறை பிரித்து ஒட்டப்பட்டதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வந்த இரண்டு வரன்களையும் விசாரித்து விசாரித்தே அக்கா விரட்டிவிட்டாள் என்று தம்பி செய்ஜி சிரிப்பான். அந்தத் தம்பி சென்ற டிசம்பரில் இறந்துபோனான். கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு, அவன் மனைவி இகுமி ஒரே ஒரு சூட்கேஸோடு தொமியேயின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஒசாகாவில் இகுமிக்குப் பெரியப்பா மகன் ஒருவன் உண்டு. அழைத்துக்கொள்ள அவனுக்கும் பெரிய ஆசையில்லை. அவள் இங்கேயே இருப்பதா, அங்கே வருவதா என்பதை இலையுதிர்காலத்தில் இலைகள் சிவக்குமுன் எழுதுவதாகத் தொமியே அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

வீட்டில் தாய் வைத்துவிட்டுப்போன இழுப்பறைப் பேழை ஒன்று இருந்தது. காற்றுப் புகாத இழைப்பு வேலை. ஓர் இழுப்பறையைத் தள்ளினால் உள்ளிருக்கும் காற்று மற்றோர் இழுப்பறையை மெல்ல வெளியே தள்ளும். ஜூனில் தொமியே குளிர்கால உடுப்புகளைத் தாள் உறைகளில் மடித்து, கற்பூரம் இட்டு, நாடாவின் வளையம் வலப்பக்கம் விழுமாறு முடிச்சிட்டு, அதில் அடுக்கினாள். இகுமியோ சூட்கேஸின் அடியில் இருந்ததை மேலே எடுத்தாள், மேலே இருந்ததை அடியில் வைத்தாள். அவளுடைய பருவ உடைமாற்றம் அவ்வளவில் முடிந்தது.

ஆகஸ்டில் வெயில் ஏறிய நாளொன்றில் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொடி கட்டிக் காற்றாட விடுவது தாய் காலத்து வழக்கம். இந்த ஆண்டு தொமியே கொடி கட்டவில்லை. வந்து ஒன்பது மாதம் ஆகாத ஒருத்தியின் கண்முன்னே அம்மாவின் பட்டாடைகளையெல்லாம் ஏன் விரிக்கவேண்டும் என்று விட்டுவிட்டாள்.

செப்டம்பர் இருபத்தாறாம் நாள் காலை, ஈரமில்லாத காற்று வீசியது. தொமியே பேழையைத் திறந்தாள். மேல் உறையின் வளையம் இடப்பக்கம் விழுந்திருந்தது.

அவள் கை அப்படியே நின்றது. அடுத்த உறை, அதற்கடுத்தது, எல்லாம் இடப்பக்கமே. இகுமி சோற்றுக் குச்சியை வலக்கையில்தான் பிடிப்பாள். ஆனால் மூட்டை கட்டும்போது இடக்கை முந்தும். தொமியே உறையைப் பிரித்தாள். அக்டோபர் முதல் நாளன்று தான் உடுக்கவேண்டிய, அம்மாவின் எலிச்சாம்பல் நிறப் பட்டு உள்ளே இருந்தது. முன்மடிப்பில் எண்ணெய் சொட்டினாற்போல நான்கு கறைகள்.

சமையலறையில் இகுமி முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள்.

"இகுமி, பேழையத் தொறந்தியா?"

கத்தி ஒரு நொடி நின்றது. "இல்லக்கா."

"ஜூலைல ரெண்டு வியாழக்கிழமை வெளிய போன. எங்க?"

"மருந்துக் கடைக்குத்தான்."

"மருந்துக் கடைக்கு ரெண்டு மணி நேரமா? அங்க நாடகம் ஏதும் நடந்துச்சோ?"

இகுமி மீண்டும் முள்ளங்கி சீவத் தொடங்கினாள். மீதியைத் தொமியே தன் மனத்துக்குள் நிரப்பிக்கொண்டாள்: அம்மாவின் பட்டாடையை உடுத்திக்கொண்டு போனவள், உணவுவிடுதியில் எண்ணெய்ப் பண்டம் தின்றவள், சுவடு தெரியாமல் மடித்து வைத்தவள், இப்போது கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிறவள். முன்னறைக்குப் போய், இகுமியை அழைத்துக்கொள்ளும்படி ஒசாகாவுக்குக் கடிதம் எழுதினாள். மூன்றே வரி. அஞ்சல்தலை ஒட்டி இடுப்புக் கச்சில் செருகிக்கொண்டு, பட்டாடையை மூட்டையாகக் கட்டி எடுத்து, கறை போக்கும் குரோதாவின் கடைக்கு நடந்தாள். அஞ்சல் பெட்டி அந்தக் கடைக்கு அப்பால், பாலத்தடியில் இருந்தது.

குரோதா கறையைச் சன்னல் பக்கம் பிடித்தார், முகர்ந்தார்.

"தொமியே அம்மா, இதுல யாரும் எதையும் கொட்டல."

"கொட்டாம எப்படி ஐயா கறை வரும்?"

"முகத்தப் பாத்தா போலீசுக்குப் போற வழில இங்க எட்டிப்பாத்தாப்புல இருக்கு. கொஞ்சம் உக்காருங்க. கற்பூரம் வெச்சது யாரு?"

"நான்தான். எங்கம்மா காலத்துலேர்ந்து."

"அப்ப பாச்சை உருண்டை வெச்சது யாரு?"

தொமியே தானும் குனிந்து பட்டாடையை முகர்ந்தாள்.

"ரெண்டையும் ஒரே அறைல வெச்சா ஒண்ணையொண்ணு உருக்கிடும். தண்ணியா ஓடித் துணில எறங்கும். வருஷத்துக்கு நாலு வீடு இதே கதையோட வருது. மாமியார் ஒண்ணு வெப்பாங்க, மருமக ஒண்ணு வெப்பா, ரெண்டு பேரும் சொல்லிக்க மாட்டாங்க." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆகஸ்டுல காத்தாட விட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். விடலையா? நீங்களா விடல?"

தொமியே மூட்டைத் துணியை மடித்துக்கொண்டாள்.

"முழுசாப் போகாது. மடிப்புல மறையும். முப்பதாம் தேதி வாங்க."

வெளியே வந்தாள். பாலம் வலப்பக்கம்; வீடு இடப்பக்கம். அஞ்சல் பெட்டியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

முள்ளங்கி உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. இகுமி சூட்கேஸின் முன் மண்டியிட்டு அமர்ந்திருந்தாள். உடைகள் எல்லாம் உள்ளே அடுக்கப்பட்டிருந்தன.

"எங்க கெளம்பிட்ட?"

"நீங்க எழுதுனதப் பாத்தேன்க்கா. படிக்கல. எழுதுறதப் பாத்தேன்."

"அது கெடக்கட்டும். அந்துப்பூச்சிய எப்பப் பாத்த?"

இகுமி நிமிர்ந்தாள். "ஜூலை மழைக்காலத்துல. பேழை இடுக்கிலேர்ந்து ஒண்ணு பறந்து வந்துச்சு. பாச்சை உருண்டை பக்கத்துக் கடைல தீர்ந்துபோச்சுன்னாங்க. ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். ஒரு பொட்டலம் பத்தல, அடுத்த வாரமும் போனேன்."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"பேழைப் பக்கம் தூசி தட்டப் போனாக்கூட நீங்க என் கையவே பாப்பீங்க. தொறந்தேன்னு எப்படிச் சொல்ல?"

"இன்னிக்குக் கேட்டப்பவும் பொய் சொன்ன."

"சொன்னேன். தப்புதான். பட்டு மூட்டையோட போனீங்களே, கறை பட்டிருச்சாக்கா?"

"பட்டிருச்சு. பாதி உன்னோடது, பாதி என்னோடது."

தொமியே கச்சிலிருந்து கடிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, அடுப்பங்கரைக் கூடையில் போட்டாள். பிறகு பேழையின் முன் அமர்ந்து, அடி இழுப்பறையிலிருந்த பழைய போர்வைகளை அள்ளி வெளியே வைத்தாள்.

"சூட்கேஸ இங்க கொண்டா."

"எதுக்கு?"

"ஒண்ணாம் தேதி எல்லாரும் உடுப்பு மாத்துவாங்க. நீ மட்டும் பெட்டியக் கவுத்துப் போட்டு உக்காந்திருப்பியா? இந்த இழுப்பறை உனக்கு. கற்பூரம் மட்டுந்தான் வெக்கணும். அந்த உருண்டைய நான் எங்க பாத்தாலும் வெளிய எறிவேன்."

இகுமி தன் உடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். அவற்றுள் ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை ஒன்றும் இருந்தது. தொமியே அதன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள், ஓட்டையில்லை. எதுவும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள். அறையை உள்ளே தள்ளியதும் மேலறை மெல்ல வெளியே வந்தது. அதை இகுமி தள்ளினாள். கீழறை வெளியே வந்தது.

"என்னக்கா இது, ஒண்ண மூடினா ஒண்ணு தொறக்குது!"

"நீ மேல பிடி. நான் கீழ தள்ளுறேன்."

இரண்டும் மூடின. தொமியே எழுந்து, காலையில் வெளியே எடுத்துவைத்திருந்த, இகுமி முடிச்சிட்ட தாள் உறைகளைப் பார்த்தாள். வளையங்கள் இடப்பக்கமே விழுந்திருந்தன. கை தானாக நாடாவரை போயிற்று. பிரித்து மறுபடி முடிச்சிடாமல், விரலை மடக்கிக்கொண்டு, முள்ளங்கியைப் பிழியப் போனாள். உப்பு கூடுதலாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்துக்கொண்டாள்.