அம்மா கூண்டேறிய ஞாயிறு

வக்கீல் வேலை என்றால் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு மேசையைத் தட்டிப் பேசுவது என்று நினைப்பவர்கள் பெரியவளோடு ஒருநாள் கோர்ட்டுக்குப் போய்வர வேண்டும். போனால் அந்த நினைப்பு மத்தியானத்துக்குள் மறந்துவிடும். வீட்டில் இரண்டு பெண்களில் மூத்தவள் என்பதால் பெரியவள். கோர்ட்டில் அவளுக்கு அந்தப் பேரும் கிடையாது. "அந்த சீனியரோட ஜூனியர்", அவ்வளவுதான்.

அவளுடைய சீனியருக்கு ஒரே நேரத்தில் மூன்று கோர்ட்டுகளில் கேஸ் இருக்கும், உடம்பு ஒன்றுதான். அவர் போகாத இடங்களுக்கெல்லாம் இவள் போவாள். கேஸைக் கூப்பிட்டதும் எழுந்து, "சீனியர் பக்கத்து கோர்ட்டில் இருக்கிறார், வாய்தா வேண்டும்" என்று கேட்பாள். நீதிபதி தலையைக்கூடத் தூக்காமல் இன்னொரு தேதியைச் சொல்வார். வெளியே வராந்தாவில் கட்சிக்காரர் முகம் விழுந்துபோய் நிற்பார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு அடுத்த கோர்ட்டுக்கு ஓட வேண்டும். மாலையில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் ஆபீசுக்குத் திரும்பினால், அவளுக்கு ஒதுக்கிய நாற்காலி பீரோக் கதவுக்கு முன்னால் கிடக்கும். யாருக்குக் கேஸ் கட்டு வேண்டுமென்றாலும் இவள் எழுந்து வழிவிட வேண்டும். நீதிபதி உள்ளே நுழைந்தவுடன் எல்லோருக்கும் முந்தித் தான் எழுந்துவிடுவது இந்தப் பயிற்சியால்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அவளிடம் சரக்கு இருந்தது. எப்போதாவது சீனியர் மனது வைத்து ஒரு சின்னக் கேஸில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டால், அவள் குரல் உயராது, முகம் மாறாது. சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டு, ஆமாம், இல்லை என்று இரண்டே பதில்களுக்குள் ஆளைக் கட்டிப்போட்டுவிடுவாள். கூண்டிலிருந்து இறங்கும்போதுதான் தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது சாட்சிக்கே உறைக்கும்.

இந்தத் திறமை வளர்ந்தது கோர்ட்டில் இல்லை, வீட்டில்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. நாலு பேருக்கு ஒரு டிவி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பதால் வீட்டுக்கு வந்தால் சிரித்தே தீர வேண்டும் அவருக்கு. பழைய காமெடிக் காட்சிகள்தான் உயிர். அடுத்த வசனத்தை டிவிக்கு முந்தி அவர் சொல்லிவிடுவார். கல்லூரியில் படிக்கும் சின்னவளுக்கு வாய் ஓயாது, அதனால் ரேடியோ என்று பேர். அவளுக்குப் பாட்டுப் போட்டி. பாடுகிறவர்களைவிட இவள் அதிகமாக அழுவாள். பெரியவளுக்குக் கொலை, துப்பறிதல், கோர்ட். "இப்படியெல்லாம் கேள்வி கேட்டா ஜட்ஜ் தூக்கி வெளிய போட்டுடுவார்" என்று அவள் நடுநடுவே சொல்லிக்கொண்டிருப்பதால் அந்தப் படங்களை அவளோடு உட்கார்ந்து யாராலும் பார்க்க முடியாது. அம்மாவுக்கு எது ஓடினாலும் சரி. துணி மடித்துக்கொண்டே பார்ப்பாள்.

ரிமோட் யார் கையில் என்ற சண்டை முற்றித்தான் வீட்டுக் கோர்ட் பிறந்தது. பெரியவள் சட்டக் கல்லூரியில் படித்தபோது பேச்சுப் போட்டிக்குப் பழகிப் பார்க்க ஆள் கிடைக்காமல் வீட்டாரைப் பிடித்து உட்கார வைத்தாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியானதும் கூடத்தில் கோர்ட் கூடும். கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் நீதிபதியாக அம்மா உட்காருவாள். வழக்குக்குக் காரணமான ரிமோட்டாலேயே கைப்பிடியைத் தட்டி அமைதி கேட்பாள். கோர்ட் நடக்கிற வரையில் எல்லோரும் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும். அழக் கூடாது. தீர்ப்பு வந்தபின் அப்பீல் கிடையாது, தோற்றவர் முணுமுணுக்கவும் கூடாது. இந்தக் கடைசி விதி அம்மா போட்டது. அப்பா வசனத்தை முந்திச் சொல்வதற்குத் தடை கேட்டு ரேடியோ போட்ட வழக்கில், "உதட்டை அசைச்சுக்கலாம், சத்தம் வரக் கூடாது" என்று அம்மா கொடுத்த தீர்ப்பு இன்றுவரை அமலில் இருக்கிறது.

அம்மா ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். தைத்து வரும் சட்டைகளில் கோணல் தையல், விட்டுப்போன தையல், பிசிறு எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் தள்ளுகிற வேலை. ஒரு வியாழக்கிழமை மாலை, தட்டில் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"வேற ஊர்ல புது யூனிட் திறக்கிறாங்க. அங்க வர்ற பொண்ணுங்களுக்கு செக்கிங் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிடுறாங்க. ஒரு வருஷம். தங்க ரூம் தர்றாங்க. புதன்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

அப்பா சிரித்தார். "ஒரு வருஷமா? நல்லா இருக்கே கதை!"

ரேடியோ, "அப்போ எனக்கு யாரு தலை பின்னி விடுறது?" என்றாள். பெரியவள் போனில் மறுநாள் கேஸ் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எல்லோர் தட்டிலும் பரிமாறி முடித்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை கோர்ட்ல வெச்சுக்கலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

சனிக்கிழமை மாடிப்படியில் அப்பா பெரியவளை மடக்கினார்.

"நாளைக்கு நீ என் பக்கம்தானே வாதாடப் போற?"

"ஃபீஸ் குடுத்தா யார் பக்கம் வேணும்னாலும்."

"விளையாடாதம்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவ இல்லாத வீட்டுக்குச் சாவி போட்டுத் திறந்து உள்ள வரணும்னு நெனச்சாலே எனக்கு என்னமோ பண்ணுது."

இதையே அம்மாவிடம் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் இதை மகளிடம் சொல்ல முடிந்த மனுஷனுக்குப் பெண்டாட்டியிடம் சொல்ல வாய் வரவில்லை. பெரியவளுக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். காலையில் இஸ்திரி போட்ட கழுத்துப்பட்டையும் சூடான டீயும் ஒரு வருஷம் இருக்காது என்ற கணக்கும் அவள் மனதில் ஓடியது. கேஸை எடுத்துக்கொண்டாள்.

அம்மா கட்சிக்காரி ஆகிவிட்டதால் நீதிபதி நாற்காலியில் ரேடியோ ஏறினாள். அம்மா கூடத்தின் நடுவே வந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நிஜக் கூண்டில் நிற்பவள்போலக் கைகளைக் கட்டிக்கொண்டாள். தனக்கென்று வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. இருந்த ஒரே வக்கீலை அப்பா பிடித்துவிட்டாரே!

பெரியவள் எழுந்தாள். பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கவே கூடாது என்பது அவள் தொழிலில் முதல் பாடம். காலையிலிருந்தே கேள்விகளை அடுக்கி வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் எந்தப் பக்கம் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

"இந்த வீட்டுல நீங்க ஏதாவது கேட்டு, இல்லைன்னு யாராவது சொன்னதுண்டா?"

அம்மா யோசித்தாள். "இல்ல."

"உங்க சம்பளத்துல யாராவது கை வெச்சாங்களா?"

"இல்ல."

"போன வருஷம் உங்க தங்கச்சி வீட்டுல ஒரு வாரம் இருக்கப் போனீங்க. பாதியிலயே திரும்பி வந்துட்டீங்க. சரியா?"

"ஆமா."

"ஏன் வந்தீங்க?"

"நீங்கல்லாம் என்ன சாப்பிடுறீங்களோன்னு கவலையா இருந்துச்சு."

"ஒரு வாரம் இருக்க முடியாதவங்க ஒரு வருஷம் இருப்பீங்களா?"

"அது வந்து…"

"இருப்பீங்களா, மாட்டீங்களா?"

"தெரியல."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியவள் ஒரு நிமிஷம் இடைவெளி விட்டாள். கோர்ட்டிலும் அப்படித்தான் விடுவாள்.

"அப்பாவோட சுகர் மாத்திரையில எது காலைல, எது ராத்திரி?"

"வெள்ளை காலைல, ரோஸ் கலர் ராத்திரி. சாப்பிடுறதுக்கு முன்னாடி குடுக்கணும்."

"இது எங்க மூணு பேர்ல யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அவ்வளவுதான். வேற கேள்வி இல்லை."

அம்மா அங்கேயே நின்றாள். "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள்.

"சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லணும்" என்றாள் பெரியவள், சிரித்துக்கொண்டே. ரேடியோ ரிமோட்டால் கைப்பிடியைத் தட்டினாள். "சாட்சி இறங்கலாம். மனு தள்ளுபடி!"

அப்பா கை தட்டினார். அம்மாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. "தீர்ப்பு தீர்ப்புதான்" என்று சொல்லிவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். அன்றைக்கு அப்பாவுடைய காமெடி ஓடியது. அவர் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு பார்த்தார். அம்மா ஓரமாக உட்கார்ந்து துணி மடித்தாள்.

மறுநாள் பெரியவள் இந்த வெற்றியைச் சக ஜூனியர்களிடம் நடித்தே காட்டினாள். பிறகு வழக்கம்போல ஒரு வாய்தாவுக்காக ஒரு கோர்ட்டில் காத்திருந்தாள். உள்ளே வேறு யாருடைய வீட்டுத் தகராறோ நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் சாட்சி. எதிர்த் தரப்பு வக்கீல் கைகாரர். ஆமாவா, இல்லையா, ஆமாவா, இல்லையா என்று பத்து நிமிஷத்தில் அவளைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்தார். பெரியவளுக்கு அந்தச் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

அந்தப் பெண் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படியில் நின்று திரும்பினாள்.

"ஐயா, நான் என்ன பார்த்தேன்னு யாருமே கேக்கலியே?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. "போங்கம்மா" என்றார் நீதிபதி. பெரியவளும் சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. கூடத்தின் நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்ற அம்மா, 'நான் ஒண்ணு சொல்லலாமா' என்று கேட்டது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. தன்னுடைய கேஸைக் கூப்பிட்டபோது அவள் எழ மறந்துவிட்டாள். பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

சீனியரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மாவும் அப்போதுதான் வந்து டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். பெரியவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"அம்மா, நீ ஏன் போகணும்னு நெனச்ச?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? அதான் முடிஞ்சுபோச்சே."

"கோர்ட்டுக்காக இல்லம்மா. எனக்குத் தெரியல, அதான் கேக்கறேன்."

அம்மா அடுப்பைத் தணித்தாள். "சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்."

"அங்க தர்ற ரூமை மேனேஜர் போட்டோவுல காமிச்சார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், மூலையில சின்னதா ஒரு டிவி. அதைப் பார்த்ததும், நான் மட்டும் உக்காந்தா இதுல என்ன போடுவேன்னு ஒரு யோசனை வந்துச்சு. பஸ்ல வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். ஒண்ணும் வரல. அப்பாவுக்கு என்ன பிடிக்கும், சின்னவளுக்கு என்ன பிடிக்கும், உனக்கு என்ன பிடிக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன். எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே தெரியலம்மா. டிவி மட்டும் இல்ல, சாப்பாடு, தூங்குற நேரம், எதுவுமே. கொஞ்ச நாள் தனியா இருந்தா தெரிஞ்சிடும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

அம்மாவுக்கு எது ஓடினாலும் சரி என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பெரியவளும் ஒருத்தி.

"இன்னிக்கே அப்பாகிட்ட நான் பேசறேன். புதன்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல? நாளைக்கு நானே உன்கூட மேனேஜரைப் பார்க்க வர்றேன்."

"காலைலயே வரலைன்னு சொல்லிட்டேன்மா. மத்தியானமே வேற ஒருத்தி பேரை எழுதிட்டாங்க."

"புதன்கிழமை வரைக்கும் டைம் இருந்துச்சேம்மா!"

"தீர்ப்புதான் வந்தாச்சே. அப்புறம் எதுக்கு இழுக்கணும்?"

பெரியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். தீர்ப்பைக் கையில் வாங்கியும் அது நடக்காமல் வருஷக்கணக்கில் நடையாய் நடப்பவர்களைத்தான் அவள் தினமும் பார்க்கிறாள். தோற்றவன் தடை வாங்குவான், அப்பீல் போவான், ஊரைவிட்டே ஓடுவான். தீர்ப்பு வந்த மறுநாள் காலையிலேயே அதற்குக் கட்டுப்பட்ட ஒரே ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள், அதுவும் விளையாட்டுக்குச் சொன்ன தீர்ப்புக்கு.

"நான் தப்பு பண்ணிட்டேன்மா" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அம்மா அருகில் வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அவள் கோட்டின் காலரைச் சரிசெய்தாள்.

"சே, நீ எங்க தப்பு பண்ணின? நீ நல்லாத்தான் கேட்ட. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியல."

அவள் குரலில் வருத்தமே இல்லை. மகள் கேள்வி கேட்ட அழகை நினைத்துப் பெருமைதான் இருந்தது. பெரியவளால் தாங்க முடியாமல் போனது அந்தப் பெருமையைத்தான்.