குழந்தை மனசு

அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோவில் ஒரு பள்ளி அரங்கம். செத்துப்போன பாடகருக்கு அஞ்சலிக் கூட்டம். ரசிகர்கள் ஒவ்வொருவராக ஏறி, அவருக்குக் குழந்தை மனசு என்று அழுதார்கள். அப்பாவின் முறை வந்தது. அவர் வாயைத் திறந்ததும் மைக் கீச்சென்று அலறியது.

என் ஒன்பதாவது வயதில், தொண்ணூறுகளில், இதே மேடையில்தான் அந்த மனிதர் பாடினார். பாட்டு, மெட்டு, குரல் எல்லாம் அவருடையதே. அப்பாவுக்கு அவர் என்றால் உயிர்; சவுண்ட் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டாவது பாட்டில் மைக் கீச்சிட்டது. பாடகர் அதை அப்பாவின் முகத்தைப் பார்த்து எறிந்தார். புருவம் பிளந்தது. அது போதாமல் இறங்கி வந்து, சட்டையைப் பிடித்து, மாறி மாறி அறைந்தார். முன்வரிசையில் என் கையிலிருந்த சமோசா கூழாகிவிட்டது. அத்தனை அங்கிள்கள் இருந்தும் அம்மாவைத் தவிர ஒருவரும் எழவில்லை.

"சாரி சார், செட் பண்ணிட்டேன். நீங்க பாடுங்க," என்றார் அப்பா. பல்லெல்லாம் ரத்தம்.

பாடினார். பாவி, என்னமாய்ப் பாடினார். அரங்கமே அழுதது, அப்பாவும்தான்.

காரில் அம்மா கேட்டாள்: "திருப்பி ஒண்ணு விட்டா என்ன?"

"அவருக்குக் குழந்தை மனசுடி," என்று அப்பா அவருடைய கேசட்டையே போட்டார். அம்மா அதைப் பிடுங்கி ஃப்ரீவேயில் வீசினாள்.

இப்போது, அஞ்சலி மேடையில், கீச்சொலி நின்றுவிட்டது. "மைக் ஓகே அங்கிள், பேசுங்க," என்றார்கள். எழுபது வயது அப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்தபடி மேடையில் நின்றார். கைகள் இறங்கவேயில்லை.