தொப்புளைத் தாண்டிய கோடு

இன்று திருச்சுழியில் எனக்கு வளைகாப்பு. சேலை கட்டிவிட்ட நாத்தனார், என் வயிற்றைப் பார்த்ததும் கத்தினார்.

"அம்மா, கறுப்புக் கோடு தொப்புளத் தாண்டிருச்சு. ஆம்பளப் பிள்ளதான்!"

மாமியார் உடனே என் அம்மாவிடம் ஓடினார்.

"சம்பந்தி, நமக்குப் பேரன் வாரான்!"

பெண் பிறந்தால்?

போனில் தேடினேன். கர்ப்பிணிகள் பலருக்கும் விழும் கோடுதானாம். பெயர் 'லினியா நிக்ரா'. லத்தீனில் 'நிகெர்' என்றால் கறுப்பு. கோடு என்ற சொல் அங்கே பெண்பால் என்பதால் நிறமும் பெண்பாலாகி 'நிக்ரா' ஆகிவிட்டது. பிரெஞ்சின் 'நுவார்', இத்தாலியின் 'நேரோ' எல்லாம் அதன் வாரிசுகள்.

அங்கேயும் வாரிசு!

இப்போது அம்மாவுடன் காரியாபட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மாமியார் வாட்ஸ்அப்பில் பேரனுக்குப் பெயர்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

நல்ல பெண் பெயர் இருந்தால் கமெண்டில் போடுங்கள். அவுக ஃபேஸ்புக்கில் இல்லை.